கடலுக்கு முதுகு காட்டக் கூடாதாம்!

அமெரிக்கா போய் வந்தவர்கள் எழுதுவதை இந்தப் பக்கத்தில் ஒன்று விடாமல் படிப்பவள் நான். சுதந்திர தேவி சிலை, நயாகரா, டிஸ்னி என்று எழுதுவார்கள். நான் போனது அப்படிப் பேர் பெற்ற ஊர் இல்லை. கலிபோர்னியா மாநிலத்தின் வடக்குக் கோடியில், பசிபிக் கடலோரத்தில் இருக்கும் கிரெசன்ட் சிட்டி என்ற சின்ன ஊர். ஜனத்தொகை பத்தாயிரத்துக்கும் குறைவு. ஒரு மீன்பிடித் துறைமுகம், ஒரு கலங்கரை விளக்கம், சுற்றிலும் காடு, அவ்வளவுதான். ஆனால் நாகப்பட்டினத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, அங்கே இருந்த முதல் ஒரு வாரம் எத்தனையோ கற்றுக் கொடுத்தது. கடலோரத்தில் குடியிருக்கும் சகோதரிகள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்?

நான் பத்தாவது வரை படித்தவள். கணவர் நாகையில் சின்னதாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அமெரிக்கா எங்கே, நாங்கள் எங்கே! எல்லாம் என் பள்ளித்தோழியால் வந்தது. அவள் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நானும் அவளும் ஒரே பெஞ்சு. 2004-இல் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தோம். அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவு. டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. அந்தத் தேதியைச் சொன்னாலே உங்களுக்குப் புரிந்துவிடும். எங்கள் நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

என் தோழியின் அப்பா மீனவர். கடன் வாங்கிப் புதுசாக பைபர் போட்டும் இஞ்சினும் வாங்கி நாலு மாசம்தான் ஆகியிருந்தது. முதல் தண்ணீர் வந்தபோது மனைவியையும் மகளையும் இழுத்துக்கொண்டு ஓடி, ஒரு மாடி வீட்டில் ஏற்றிவிட்டார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வடிந்தது. "போட்டு என்ன ஆச்சுன்னு பாத்துட்டு ஓடியாந்துடுறேன்" என்று இறங்கிப் போனார். அடுத்த அலை வந்தது. மூன்றாம் நாள் உடல் கிடைத்தது.

கணவனை இழந்த துக்கம் ஒரு பக்கம் என்றால், ஊர் பேசிய பேச்சு இன்னொரு பக்கம். "தப்பிச்ச உசுர இஞ்சினுக்கு ஆசப்பட்டு விட்டுட்டான்" என்றார்கள். "கட்டுன பொண்டாட்டி கையப் புடிச்சு நிறுத்தியிருக்க வேணாமா?" என்றும் கேட்டார்கள். துக்கம் விசாரிக்க வந்தவர்களே இப்படிப் பேசினார்கள். அந்த அம்மாவை நான் பெரியம்மா என்று கூப்பிடுவேன். அந்தப் பேச்சையெல்லாம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டு, கருவாடு விற்று மகளை நர்சிங் படிக்க வைத்தார். மகள் முதலில் குவைத்துக்குப் போய், பிறகு பரீட்சை எழுதி அமெரிக்கா போனாள். நான் பத்தாவதோடு நின்று, கல்யாணம், பிள்ளைகள் என்று நாகையிலேயே இருந்துவிட்டேன்.

இருபது வருஷமாகப் பெரியம்மா கடற்கரையில் கால் வைத்ததில்லை. சுனாமிக் குடியிருப்பில் வீடு. கடல் பக்கம் இருந்த ஜன்னலைக்கூட ஆணி அடித்து மூடிவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

2025 மே மாதம் எங்கள் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை. தோழி போனில், "அம்மா தனியா வர மாட்டேங்குதுடி. நீ கூட்டிட்டு வா. மூணு வாரம் இருந்துட்டுப் போ, டிக்கெட் என் செலவு. அம்மா ஆறு மாசம் இருக்கட்டும்" என்றாள். மாமியார், "போயிட்டு வாம்மா, பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன்" என்று பெரிய மனசோடு சொன்னார்கள். விசா வாங்கியது தனிக் கதை. அதை இங்கே எழுதினால் பக்கம் போதாது.

கிளம்புகிறவர்களுக்கு இரண்டு விஷயம் மட்டும் சொல்லிவிடுகிறேன். பச்சைக் கறிவேப்பிலை கொண்டு போகாதீர்கள். பயிருக்கு நோய் வரும் என்று அந்த நாட்டில் தடை, சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். வயசானவர்களுக்கு டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். அதற்குத் தனிக்காசு இல்லை. பெரியம்மா அதில் மகாராணி மாதிரி போனார், நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்!

மகள் மறைத்த விஷயம்

சான்பிரான்சிஸ்கோவில் இறங்கினோம். தோழியும் அண்ணனும் (அவள் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன்) காரில் வந்திருந்தார்கள். அங்கிருந்து வடக்கே சுமார் 560 கிலோமீட்டர், கிட்டத்தட்ட ஏழு மணி நேரம்.

பாதி வழிக்கு மேல் ரெட்வுட் மரக்காடு. உலகத்திலேயே உயரமாக வளரும் மரம் இதுதானாம். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் 216 அடி. இந்த மரங்களில் 300 அடியைத் தாண்டியவை ஏராளம். எல்லாவற்றிலும் உயரமான மரம் 380 அடி. இரண்டாயிரம் வருஷம் வாழ்ந்த மரங்களும் உண்டாம். கோடையில் மழை இல்லாவிட்டாலும் கடலிலிருந்து வரும் மூடுபனியைக் குடித்தே தாக்குப் பிடிக்கும் என்று அண்ணன் சொன்னார். பெரியம்மா கண்ணாடியை இறக்கிவிட்டு அண்ணாந்து பார்த்து, "சாமி மாதிரி நிக்குது" என்றார்.

அடுத்து ஒரு வளைவில் கார் திரும்பியதும் கடல்! கண்ணுக்கு எட்டிய மட்டும் கடல். ரோட்டோரத்தில் நீல நிறப் பலகை ஒன்று. அதில் பெரிய அலை, அலைக்கு முன்னால் மேட்டில் ஏறி ஓடும் ஒரு மனிதன். படிக்கவே தேவையில்லை. பெரியம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

தான் இருப்பது கடற்கரை ஊர் என்று மகள் அம்மாவிடம் சொல்லவே இல்லை! "மலையும் காடும் உள்ள ஊரும்மா" என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறாள். என்னிடமும் அப்படித்தான்.

"ஏன்டி, ஒனக்கு வேற ஊரே கெடைக்கலியா? அப்பன முழுங்குன தண்ணி பக்கத்துலயா வந்து வீடு பாத்தே?" என்று கேட்டவர்தான், வீடு வரும் வரை பேசவில்லை.

வீடு மேட்டில் இருக்கிறது. தோழி ஒரு வரைபடத்தை எடுத்து வந்து காட்டினாள். அந்த ஊரில் எந்தத் தெரு வரை சுனாமி தண்ணீர் வரக்கூடும் என்று கோடு போட்டு, அரசாங்கமே அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. இவள் வீடு அந்தக் கோட்டுக்கு மேலே. "இதப் பாத்துட்டுத்தாம்மா வாடகைக்கே வந்தேன்" என்றாள். பெரியம்மா காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுப் படுத்துவிட்டார். இரண்டு நாள் அப்படியே போயிற்று. நமக்கும் அங்கேக்கும் பன்னிரண்டரை மணி நேரம் வித்தியாசம், அதனால் ராத்திரியில் விழிப்பு, பகலில் தூக்கம் வேறு. இரண்டு பேருக்கும் நடுவில் நான்தான் மாட்டிக்கொண்டு முழித்தேன்.

நண்டு செய்த நல்ல காரியம்

மூன்றாம் நாள் சனிக்கிழமை. அண்ணனும் இரண்டு பிள்ளைகளும் நண்டு பிடிக்கக் கிளம்பினார்கள். நானும் போனேன். கடலுக்குள் நீண்டிருக்கும் பொதுப்பாலத்தில் நின்று பிடிப்பதென்றால் லைசென்ஸ் தேவையில்லையாம். கம்பிக் கூண்டில் கோழித்துண்டைக் கட்டிக் கயிற்றில் இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நண்டும் என் இரண்டு கை அகலம். அளவுகோல் வைத்து அளக்கிறார்கள். ஐந்தே முக்கால் அங்குலத்துக்குக் குறைந்தால் மறுபடி கடலில்தான் விட வேண்டும். ஒரு ஆள் ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. பார்க்கிறவர் யாரும் இல்லாவிட்டாலும் அளந்து பார்த்துத்தான் எடுக்கிறார்கள்! குஞ்சு நண்டை விட்டுவைத்தால்தான் அடுத்த வருஷம் நண்டு என்று ஏழு வயசுப் பையன் எனக்குப் பாடம் எடுத்தான்.

வீட்டுக்குக் கொண்டு வந்தோம். அண்ணன் வெறும் தண்ணீரில் உப்புப் போட்டு வேகவைக்கப் பார்த்தார். அடுப்படியில் சத்தம் கேட்டுப் பெரியம்மா எழுந்து வந்தார். "தள்ளுங்க மாப்ள, நண்ட இப்புடியா பாழாக்குவாங்க?" என்று முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றுவிட்டார். நான் ஊரிலிருந்து கொண்டு போயிருந்த புளி, மிளகாய்த்தூள், மிளகு, சோம்பு எல்லாம் வெளியே வந்தது. ஓட்டைத் தட்டி, காலை உடைத்து, நசுக்கின பூண்டு போட்டு ஒரு குழம்பு வைத்தார் பாருங்கள், தெருவே மணத்தது. நம் ஊர் நண்டைவிடச் சதை அதிகம், கொஞ்சம் இனிப்பு. அதனால் புளியைத் தூக்கலாக விட்டார். மூன்று நாளாகப் பேசாமல் இருந்த அம்மாவும் மகளும் சாப்பாட்டில் பேசிக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டிக்கும் ஒரு கிண்ணம் போயிற்று. அந்தப் பாட்டி கண்ணில் தண்ணீர் வர வர சாப்பிட்டுவிட்டு, கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்கும்போது வாழைப்பழ ரொட்டி வைத்துக் கொடுத்தார்.

கடற்கரையில் கண்டது

நாலாம் நாள் தோழி என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனாள். பெரியம்மா வரவில்லை. கரை பிறைநிலா மாதிரி வளைந்திருக்கிறது. கிரெசன்ட் என்றால் பிறைதான், ஊர்ப்பெயரே அதனால் வந்தது. மே மாதம் என்று பேர், நான் ஸ்வெட்டரும் தலையில் துண்டுமாக நடுங்கினேன். தண்ணீரில் கால் வைத்தால் ஐஸ் மாதிரி சுரீர் என்கிறது. வடக்கிலிருந்து வரும் குளிர்ந்த நீரோட்டமாம். குளிக்கிற கூட்டம் இல்லை, சுண்டல் இல்லை, பஜ்ஜி இல்லை. முழுசு முழுசாக மரங்கள் கரையில் ஒதுங்கிக் கிடக்கின்றன.

நான் ஒரு மரத்தில் உட்கார்ந்து கடலுக்கு முதுகைக் காட்டியபடி போட்டோ எடுக்கச் சொன்னேன். தோழி என் கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள். "இந்த ஊர்ல முதல்ல சொல்லித் தர்ற பாடமே இதான்டி. கடலுக்கு முதுகு காட்டாதே!" என்றாள். சாதுவாக இருக்கும் கடலில் திடீரென்று ஒரு அலை மட்டும் வழக்கத்தைவிடத் தூரமாக ஏறி வருமாம். கரையில் கிடக்கும் மரத்தையே புரட்டிவிடுமாம். அந்த மரத்தடியில் சிக்கினால் பிழைப்பது கஷ்டம். குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் நீச்சல் தெரிந்தவர்களுக்கும் கை கால் விறைத்துவிடும். அதனால் அவர்கள் கடலைப் பார்த்தபடியேதான் நிற்கிறார்கள், குழந்தைகளைக் கைப்பிடியில் வைத்திருக்கிறார்கள். நாம் கடற்கரையில் பிள்ளைகளை விட்டுவிட்டுக் கதை பேசுவோமே, அதை நினைத்துக்கொண்டேன்.

பேரன் எடுத்த பாடம்

ஐந்தாம் நாள் நடந்ததற்காகத்தான் இந்தக் கட்டுரையே.

பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன், திரை மூடிய அறையில் உட்கார்ந்திருந்த பாட்டியிடம் போய், "ஆயா, உனக்கு சுனாமி பயமா? நான் சொல்லித் தரேன்" என்றான். எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வார்த்தையைப் பெரியம்மா முன்னால் யாரும் சொல்வதில்லை. அவன் பாட்டுக்குத் தரையில் உட்கார்ந்து காட்டினான். "நிலம் ஆடினா இப்படிக் கீழ உட்காரணும். மேசைக்கு அடியில தலைய மூடிக்கணும். கெட்டியா புடிச்சுக்கணும். ஆட்டம் நின்னதும் மேட்டுக்கு நடந்தே போகணும். சைரனுக்குக் காத்திருக்கக் கூடாது. அப்புறம் ரொம்ப முக்கியம் ஆயா, தண்ணி போயிடுச்சுன்னு திரும்பி வரக் கூடாது. பெரியவங்க போலாம்னு சொல்ற வரைக்கும் வரவே கூடாது."

பெரியம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "திரும்பி வரக் கூடாதுன்னு ஏன்டா சொல்றாங்க?" என்று கேட்டார்.

அப்போதுதான் தோழி 1964-இல் அந்த ஊரில் நடந்ததைச் சொன்னாள். அந்த வருஷம் மார்ச் 27, புனித வெள்ளி. அலாஸ்காவில் 9.2 அளவில் பெரிய பூகம்பம். அன்று நள்ளிரவை ஒட்டி இந்த ஊருக்கு முதல் அலை வந்தது. தண்ணீர் கடைத்தெருவுக்குள் புகுந்து வடிந்தது. அடுத்து வந்த இரண்டும் சின்னவை. முடிந்தது என்று நினைத்து ஜனங்கள் இறங்கி வந்தார்கள். கடையில் சேறு வாரினார்கள், சாமானை எடுத்து வைத்தார்கள். கடைப்பணத்தை எடுக்கத் திரும்பிய குடும்பமும் உண்டு. நாலாவது அலைதான் எல்லாவற்றிலும் பெரியது, சுமார் 20 அடி. பதினொரு பேர் இறந்தார்கள். 29 தெருக்கட்டுகள் நாசம். கலங்கரை விளக்கத்தில் இருந்த கணவனும் மனைவியும் அந்த நிலா வெளிச்சத்தில் கடல் பின்வாங்கித் தரை தெரிந்ததையும், திரும்பி ஊர்மேல் போனதையும் பார்த்திருக்கிறார்கள். அந்த அம்மா அதை எழுதியும் வைத்திருக்கிறாராம்.

பெரியம்மா நம்பவில்லை. "அமெரிக்காக்காரங்களா? படிச்சவங்களா? அவங்களுமா திரும்பிப் போனாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தோழி பக்கத்து வீட்டுப் பாட்டியைக் கூட்டி வந்தாள். அவர் அப்போது சின்னப் பெண். அவர் அப்பாவும் கடையைப் பார்க்கத்தான் போனாராம். தெருமுனையில் தண்ணீரின் இரைச்சல் கேட்டு ஓடி வந்ததால் பிழைத்தாராம். "அன்று திரும்பிப் போகாத வீடு எது? சொந்தக் கடை, சொந்தப் படகு, பார்க்காமல் இருக்க முடியுமா? எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அதுதான் காரணம்" என்று அவர் சொன்னதைத் தோழி தமிழில் சொன்னாள்.

பெரியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அப்பா இறந்தபோதுகூட அவர் இப்படி அழுது பார்த்ததில்லை என்று தோழி சொன்னாள். அழுது முடித்ததும் மகள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்கப்பா பேராசக்காரரு இல்லடி. எல்லாரும் செய்யறதத்தான் அவரும் செஞ்சாரு. நானும் புடிச்சு நிறுத்தாத பாவி இல்ல. யாருக்குத் தெரியும், ரெண்டாவது வரும்னு?" என்றார். இருபது வருஷம் தூக்கிச் சுமந்த பழியை அன்று இறக்கி வைத்தார்.

சகோதரிகளே, ஒன்று யோசித்துப் பாருங்கள். 2004-இல் சுமத்ரா பக்கம் பூகம்பம் வந்தது நம் நேரம் காலை 6.29-க்கு. நாகையில் அலை வந்தது இரண்டு மணி நேரத்துக்கும் மேல் கழித்து. அந்த இரண்டு மணி நேரத்தில் நமக்குச் சொல்ல ஆள் இல்லை. இந்துமாக்கடலுக்கு அப்போது எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. முதல் அலைக்கு அப்புறம் இன்னொன்று வரும் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் நாங்கள் படிக்கவில்லை. அப்படியிருக்க, செத்தவர்கள் மேல் பழி போட நாம் யார்?

கரை சேர்ந்த படகு

ஆறாம் நாள் பெரியம்மா தாமாகவே, "அந்தத் தொறமுகத்தப் பாத்துட்டு வருவமா?" என்றார். எல்லாரும் கிளம்பினோம். அங்கே கடற்சிங்கங்கள் மேடையில் ஏறிப் படுத்துக்கொண்டு நாய் மாதிரி குரைக்கின்றன. அந்தக் கரையின் வளைவும் கடலடி அமைப்பும் சேர்ந்து அலையை அந்த ஊர் மேலேயே திருப்பிவிடுமாம். 1933-இல் அளவுக்கருவி வைத்ததிலிருந்து சின்னதும் பெரியதுமாக 30-க்கும் மேற்பட்ட சுனாமிகள் அங்கே பதிவாகியிருக்கின்றன. 2011 மார்ச் 11-இல் ஜப்பானில் சுனாமி வந்தபோது, சுமார் பத்து மணி நேரம் கழித்து இந்தத் துறைமுகத்தையும் நொறுக்கியது. முன்கூட்டியே எச்சரிக்கை வந்ததால் பல படகுகள் ஆழ்கடலுக்குப் போய்த் தப்பின. துறைமுகத்தைப் பிறகு சுனாமியைத் தாங்கும்படி கெட்டியாகக் கட்டியிருக்கிறார்கள்.

ஒரு படகின் கதையையும் தோழி சொன்னாள். ஜப்பானில் ரிகுசென்டகாடா என்ற ஊரையே அந்தச் சுனாமி துடைத்துவிட்டது. அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியின் 20 அடிப் படகு ஒன்று, பசிபிக் கடலையே தாண்டி மிதந்து, இரண்டு வருஷம் கழித்து 2013 ஏப்ரலில் கிரெசன்ட் சிட்டி கரையில் ஒதுங்கியது. பெயர் கமோமே. கடற்காக்கை என்று அர்த்தமாம். உள்ளூர்ப் பள்ளி மாணவர்கள் அதில் ஒட்டியிருந்த சிப்பியையெல்லாம் சுரண்டி, சுத்தம் செய்து, யாருடையது என்று விசாரித்து, அந்த வருஷமே ஜப்பானுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதிலிருந்து இரண்டு பள்ளிப் பிள்ளைகளும் போக்குவரத்தாகி, 2018-இல் இரண்டு ஊரும் சகோதர நகரங்கள் ஆகிவிட்டன. பெரியம்மா, "போட்டு திரும்பி வீட்டுக்குப் போயிருச்சா!" என்று இரண்டு தடவை கேட்டார்.

ஏழாம் நாள் கலங்கரை விளக்கம். 1856-இல் கட்டியது. சின்னத் தீவு மேல் இருக்கிறது. கடல் வற்றும் நேரத்தில் மட்டும் பாறை வழியே நடந்து போகலாம், ஏறும் நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும். தோழி நேரத்தைப் பார்த்துக் குறித்து வைத்துத்தான் எங்களைக் கூட்டிப் போனாள். பெரியம்மா தீவுக்கு வரவில்லை. கரையில் பெஞ்சில் உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி, நாங்கள் திரும்பி வரும் வரை இருந்தார். இருபது வருஷத்துக்குப் பிறகு அவர் கடலைப் பார்த்தது அன்றுதான்.

ஜூலையில் வந்த சோதனை

நான் ஜூன் முதல் வாரம் நாகை திரும்பிவிட்டேன். ஜூலை 30 காலை பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன், தோழியிடமிருந்து போன். ரஷ்யாவில் கம்சட்கா பக்கம் 8.8 அளவில் பூகம்பம், அவர்கள் ஊருக்கு எச்சரிக்கை வந்துவிட்டது என்றாள். அங்கே அப்போது 29-ஆம் தேதி சாயங்காலம். அண்ணன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதியில் கணக்கு பார்க்கிறார். விடுதியில் இருந்தவர்களையெல்லாம் மேட்டுக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார். தோழிக்கு ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி.

நள்ளிரவை ஒட்டி முதல் அலை வந்தது, பெரிதாக ஒன்றுமில்லை. அண்ணன், "ஒரு நிமிஷம் போய் ஆபீஸ் அறையப் பாத்துட்டு வந்துடுறேன்" என்று கார் சாவியை எடுத்திருக்கிறார். பெரியம்மா எழுந்து போய் வாசற்கதவை அடைத்துக்கொண்டு நின்றுவிட்டார். "மாப்ள, முதத் தண்ணிய நம்பாதீங்க. சொல்ற வரைக்கும் கீழ போகக் கூடாது. போறதுன்னா என்னைத் தாண்டிட்டுப் போங்க" என்றாராம். மாமியார் சொல்லைத் தட்ட முடியுமா? அண்ணன் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு வந்தவைதான் பெரிய அலைகள். நாலடி அளவுக்கு வந்து, துறைமுகத்தில் ஒரு படகு மேடையைச் சேதப்படுத்திவிட்டது. உயிர்ச் சேதம் யாருக்கும் இல்லை.

மறுநாள் பெரியம்மா என்னிடம் பேசினார். "கண்ணு, அன்னிக்கு எனக்குத் தெரியல. இந்தத் தடவ தெரிஞ்சிச்சு" என்றார்.

நாம் செய்ய வேண்டியது

நமக்கும் இப்போது வழி இருக்கிறது. ஐதராபாத்தில் 2007 முதல் சுனாமி எச்சரிக்கை மையம் வேலை செய்கிறது. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ரா பக்கம் 8.6 அளவில் பூகம்பம் வந்தபோது நம் கரையில் எச்சரித்து ஜனங்களை அப்புறப்படுத்தினார்கள். நல்லவேளையாகப் பெரிய அலை வரவில்லை. வராவிட்டால், "சும்மா பயமுறுத்துறாங்க" என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

கடலோரத்தில் இருக்கும்போது நிலம் வெகுநேரம் ஆடினாலோ, கடல் வழக்கத்துக்கு மாறாக உள்வாங்கினாலோ, ஏறினாலோ, பெரிய இரைச்சல் கேட்டாலோ, அறிவிப்புக்குக் காத்திருக்காமல் கிளம்ப வேண்டும். நம் நாகைப் பக்கம் மலை கிடையாது. உள்நாட்டுப் பக்கம் ஓட வேண்டும், நேரம் இல்லையென்றால் கெட்டியான கான்கிரீட் கட்டடத்தின் மேல்மாடி. உங்கள் தெருவில் அப்படிப்பட்ட கட்டடம் எது, புயல் பாதுகாப்பு மையம் எங்கே என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். அலை பல மணி நேரம் விட்டு விட்டு வரும். முதல் அலைதான் பெரியது என்று எண்ணாதீர்கள். அதிகாரிகள் சொல்லும் வரை திரும்பக் கூடாது. படகானாலும், நகையானாலும், ஆடு மாடானாலும் சரிதான்.

தோழி வீட்டு வாசலில் ஒரு பை தொங்கும். டார்ச், ரேடியோ, தண்ணீர், மாத்திரை, முக்கியமான காகிதங்களின் நகல், ஆளுக்கு ஒரு ஜோடி செருப்பு. நானும் வந்ததும் அப்படி ஒரு பை தைத்து மாட்டிவிட்டேன். ரேஷன் கார்டு, ஆதார், வீட்டுப் பத்திர நகல்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். என் கணவர் முதலில் சிரித்தார். இப்போது அவரே டார்ச்சுக்கு பேட்டரி மாற்றுகிறார்.

பிள்ளைகளுக்கு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டுகிறோம், கதை சொல்கிறோம். அதோடு இதையும் சொல்லிக் கொடுங்கள். கடலுக்கு முதுகு காட்டாதே. தண்ணீர் வடிந்தாலும் திரும்பிப் போகாதே. ஏழு வயசுப் பையன் ஒருவன் இந்த இரண்டையும் எனக்கும் என் பெரியம்மாவுக்கும் சொல்லிக் கொடுத்தான். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் சொல்லட்டும்.

- ஒரு வாசகி, நாகப்பட்டினம்